கடைசியாக் கார்டு தேய்ச்சவர்

வீட்டுக்குள் சட்டம் ஒழுங்கை நிலைநாட்டுவது என்று முடிவெடுத்தேன். காரணம், போன மாதம் எங்கள் வங்கிக் கணக்கில் நாற்பது ரூபாய் குறைந்ததற்கு முந்நூற்றைம்பது ரூபாய் அபராதம் பிடித்துவிட்டார்கள். கணக்கு ஒன்று, கார்டு இரண்டு; இருப்பைத் தாண்டித் தேய்த்தாலும் கார்டு வேலை செய்யும், அபராதம் பின்னால் வரும். கடைசியாகத் தேய்த்தது என் மனைவி. நூல்கண்டு வாங்கினாளாம்.

அன்றே அறிவித்தேன். "இனிமே கணக்குல காசு குறைஞ்சா, கடைசியாக் கார்டு தேய்ச்சவர் முந்நூத்தம்பது ரூபாயைக் கைக்காசுல எடுத்து வைக்கணும்."

"சரிங்க."

"மன்னிப்பு, தள்ளுபடி, பேச்சே கிடையாது."

"சரிங்கறேனே." பள்ளிச் சீருடைக்குப் பட்டன் காஜா எடுத்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் எந்தப் புருஷனுக்கும் சந்தேகம் வர வேண்டும். எனக்கு வரவில்லை. மாறாக, சட்டத்தில் உள்ள ஓட்டை பளிச்சென்று தெரிந்தது. கடைசியாகத் தேய்த்தவருக்குத்தானே அபராதம்? கடைசிக்கு முந்தி தேய்த்தவர் ராஜா!

மாதக் கடைசி. கணக்கில் இரண்டாயிரத்துப் பத்து ரூபாய். மதியத்துக்கு மேல் அரை நாள் லீவு போட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்துக்கு ஒரு ஷூ வாங்கி, அலுவலக மேஜைக்குள் வைத்துப் பூட்டினேன். மீதி முப்பத்தைந்து. சாயந்திரம் அவள் பால் வாங்கக் கார்டைத் தேய்ப்பாள், மாட்டுவாள். அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு.

மூன்றரைக்கு வீட்டுக்குக் கிளம்பும்போது அவளிடமிருந்து போன் வந்தது.

"ஏங்க, தைக்கிற வேலை தலைக்கு மேல கிடக்கு. வரும்போது ஒரு பால் பாக்கெட் வாங்கிட்டு வந்துடுங்களேன்."

பால்தானே? ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினேன். "சில்லறை இல்ல சார், கார்டு இருக்கா?" என்றார் கடைக்காரர். பால் என்ன, முப்பது ரூபாய் இருக்குமா? தேய்த்தேன். முப்பத்தெட்டாம்! எட்டு வருஷமாகப் பால் வாங்காதவனுக்கு விலை எப்படித் தெரியும்?

வாசலிலேயே நின்றாள். "ஏங்க, கணக்குல மூணு ரூபாய் குறையுதே."

"அப்படியா?"

"கடைசியாத் தேய்ச்சது யாருங்க?"

"பால்..."

"பால் தேய்க்காதுங்க."

ஐந்நூறை வாங்கிக்கொண்டு நூற்றைம்பதை எண்ணிக் கொடுத்தாள். அவளிடம் மட்டும் எப்போதும் சில்லறை இருக்கும். "இதோ வந்துடறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு எங்கேயோ போனாள். நான் பால் காய்ச்சினேன்.

மறுநாள் வங்கி திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். அபராதத்தை ரத்து செய்ய வைத்தால் என் பணத்தை அவளிடமிருந்து கறந்துவிடலாமே! மேனேஜரை உட்காரக்கூட விடவில்லை நான்.

"மூணு ரூபாய்க்கு முந்நூத்தம்பதா? ஏழை பாழைங்க எங்க சார் போவாங்க? ஒரு நாள் டைம் குடுக்கக் கூடாதா? சின்னக் குறையைப் பெரிய மனசு பண்ணி விடக் கூடாதா? இதயம் இருக்கா சார் உங்களுக்கு?"

"இருக்கே சார். இந்த மாசம் ஒண்ணாம் தேதியிலேர்ந்து அதான் வழக்கம். சின்னக் குறைன்னா மெசேஜ் அனுப்புவோம். அன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கட்டிட்டா அபராதம் கிடையாது. உங்க வீட்டம்மா நேத்து நாலரைக்கே வந்து மூணு ரூபாய் கட்டிட்டாங்களே."

"எனக்கு மெசேஜே வரலையே?"

"எல்லா மெசேஜும் அவங்க நம்பருக்குத்தான் போகும். லோன் வேணுமான்னு யாரும் உங்களைத் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு நீங்கதானே அவங்க நம்பரை எழுதிக் குடுத்தீங்க? பால், ஷூ, எல்லாம் அங்கதான் போகும்."

ஷூவுமா! காது இரண்டும் சூடாகிவிட்டன.

வீட்டுக்கு ஓடினேன். "அபராதமே இல்லையாமே! என் முந்நூத்தம்பதைக் குடு."

"அது பேங்க் அபராதம். இது வீட்டு அபராதம். தள்ளுபடி கிடையாதுன்னு யாரோ சொன்னாங்க."

"பேங்க்கே பெரிய மனசு பண்ணி விட்டுடுச்சுடி!"

"அவங்களுக்கு நாலாயிரம் பேர் இருக்காங்க, விடலாம். எனக்கு நீங்க ஒருத்தர்தானே? ஷூ காலுக்குச் சரியா இருக்கா?"

"இருக்கு" என்றேன். "சரி, அந்தப் பணத்தை என்ன பண்ணப் போற?"

"தையல் மெஷினுக்கு மோட்டார் வைக்கணும்" என்றாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே. "இன்னும் ஆறு சட்டம் போடுங்க, போதும்."