மலைக்கோட்டை ஸ்டார் பேண்டு செட்

புகைப்படத்தில் இருந்தவர்கள்: பின்னால், பெரிய டிரம்முடன் மருதை மாஸ்டர். வலப்பக்கம் டிரம்பெட்டுடன் இன்னாசிராஜ், பாலக்கரை. இடப்பக்கம் சாக்ஸபோனுடன் ரெங்கராஜ், ஸ்ரீரங்கம் அடையவளைஞ்சான் தெரு. நடுவில், எல்லோரையும்விட அதிகமாகக் கன்னத்தை உப்பிக்கொண்டு, கிளாரினெட்டுடன் ரசூல். ஓரத்தில் பாதி உடம்பு வெட்டுப்பட்டு மைக்செட் மீரான். அவரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

1953இல் மண்ணச்சநல்லூர் ரைஸ்மில் முதலாளி வீட்டுக் கல்யாணத்தில் எடுத்த படம். பதினோரு வருஷமாகப் பெரிய கடை வீதியில் ரசூலின் குடைக்கடைச் சுவரில் தொங்குகிறது. மருதை மாஸ்டர் செத்துப்போனார். பேண்டு அவருக்கு முன்பே செத்துவிட்டது. ஆனால் இன்னாசிராஜ் மெட்ராசுக்குப் போய், ரேடியோவைத் திருப்பினால் அவன் டிரம்பெட்தான் என்கிற அளவுக்கு வந்துவிட்டான். ரெங்கராஜ் சாக்ஸபோனில் கச்சேரி செய்து சிலோன், சிங்கப்பூர் எல்லாம் பார்த்துவிட்டான். இரண்டு பேருமே வாசிப்பில் ஏதாவது ஓர் இடத்தில் ஒரே வரியை மூன்று தடவை சுற்றிவிட்டுச் சட்டென்று அடுத்ததற்குத் தாவுவார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவன்கூட அதை முணுமுணுத்தான்.

"அது எங்க பேண்டு சரக்கு," என்பார் ரசூல், குடைக்கம்பியை நிமிர்த்தியபடி.

அந்தக் கம்பியோடுதான் உட்கார்ந்திருந்தார், எதிர்க்கடை பரக்கத் அலி நோட்டீசுடன் வந்தபோது. பரக்கத் அலிக்குப் பாத்திர வியாபாரம். இரண்டு வித்வான்களுக்கும் பாராட்டு விழா எடுக்கிற கமிட்டிக்கு அவர்தான் செயலாளர்.

"அண்ணே, கடைசி அயிட்டம் நீங்கதான். மூணு பேரும் சேந்து, இந்தப் படத்துல இருக்கிற கல்யாணத்துல வாசிச்ச பாட்டையே வாசிக்கிறீங்க. நோட்டீஸ் அடிச்சாச்சு."

கம்பி ஒடிந்தது.

ரசூலுக்குக் கிளாரினெட் வாசிக்கத் தெரியாது. கல்யாண வீட்டார் தலையை எண்ணித்தான் கூலி கொடுப்பார்கள். ஆள் குறைந்தால் மாஸ்டர் யாரையாவது பிடித்து, சிவப்புக் கோட்டை மாட்டி, குழலுக்குள் துணியை அடைத்துக் கையில் கொடுத்துவிடுவார். விரலை ஆட்ட வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், அவ்வளவுதான். 'பக்கத்துல நிக்கிறவன்கிட்ட இதைப் பத்தி வாயைத் திறந்தே, தொலைச்சிருவேன்' என்பதுதான் மாஸ்டர் நடத்திய ஒரே பாடம். ரசூல் இரண்டு வருஷம் அப்படிக் கன்னம் உப்பினார். இரு பக்கமும் அசல் வித்வான்கள் நின்றதால் தப்பித்தார். மாஸ்டரும் கௌரவம் பார்க்கிறவர். தெருத்தெருவாக ஊர்வலம் போக ஒப்புக்கொள்ளவே மாட்டார். மைக் வைத்த பந்தலில் மட்டும்தான் வாசிப்பு.

இது எதுவும் ரசூலின் மனைவி நஜீமாவுக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் கிளாரினெட் வித்வானின் பெண்சாதி. அந்தப் பெருமையில்தான் தண்ணீர்க் குழாயடியில் அவளுக்கு முதல் குடம் கிடைத்துவந்தது.

"இத்தனை வருஷத்துல வீட்டுல ஒரு நாளாவது ஊதியிருக்கீங்களா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"பக்கத்துல பள்ளிவாசலை வச்சுக்கிட்டு ஊதச் சொல்றியா?"

அந்தப் பதில் இதுவரை தாங்கியது.

"எங்கிட்ட வாத்தியம் இல்லையே பரக்கத்து," என்றார் ரசூல்.

மறுநாள் காலை பொன்மலையிலிருந்து ஒரு கிளாரினெட் வந்து இறங்கியது. இரவல்தான், ஆனால் பளபளவென்று இருந்தது. தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

"பல்லு வலிக்குது. பல்லு சரியில்லாம இதைக் கவ்வ முடியாது," என்றார் ரசூல்.

பரக்கத் அலி அவரைக் கையோடு பல் டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கே. எது வலிக்குது?"

பின்வாங்க முடியாது. ரசூல் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைக் காட்டினார். அது வெளியே வந்தது. எலும்பையே கடிக்கலாம், அவ்வளவு உறுதியான பல்.

வாய் வீங்கிவிட்டது, இனி கூப்பிட மாட்டார்கள் என்று வலியிலும் ஒரு நிம்மதி இருந்தது. சாயங்காலம் இரண்டாவது நோட்டீஸ் வந்தது. 'பல்லைப் பிடுங்கிய வலியையும் பொருட்படுத்தாமல் வாசிக்கிறார் கிளாரினெட் மேதை ரசூல்.' டிக்கெட் மொத்தமும் விற்றுப்போனது.

"மருங்காபுரியிலேருந்து எங்க அக்கா வீட்டு ஆளுங்க எல்லாம் பஸ் ஏறிட்டாங்க," என்றாள் நஜீமா, அவர் கன்னத்துக்கு ஒத்தடம் கொடுத்தபடி. "முன்வரிசை கேட்டிருக்கேன்."

பாக்கி இருந்தது ஒரே வழி. விழா அன்று ரசூல் சீக்கிரமே ஹாலுக்குப் போய், மேடைக்குப் பின்னால் இருந்த அறைக்குள் நுழைந்தார். மீரான் வயரை இழுத்துக்கொண்டு மூலையில் குனிந்திருந்தார். அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. இன்னாசிராஜும் ரெங்கராஜும் எழுந்து நின்றார்கள். பட்டு ஜிப்பா, மோதிரம், செண்ட் வாசனை.

"தம்பிகளா, ஒரு உண்மையைச் சொல்லணும்," என்றார் ரசூல். பல் போன இடத்தில் காற்றுப் போனது.

"அண்ணே, முதல்ல நாங்க சொல்லிர்றோம்," என்றான் இன்னாசிராஜ். "மனசு உறுத்துது. அந்தப் பேண்டுல நான் ஒரு தடவைகூட ஊதினதில்ல. மாஸ்டர் டிரம்பெட்டுல துணி அடைச்சுத்தான் குடுத்தாரு."

"எனக்கும் துணிதான்," என்றான் ரெங்கராஜ். "நான் இவன் ஊதுறான்னு நெனச்சேன். இவன் நான் ஊதுறேன்னு நெனச்சிருக்கான். மெட்ராஸ்ல ஒரு நாள் பேசிக்கிட்டப்பத்தான் புரிஞ்சுது. ரெண்டு பேரும் இல்லன்னா, அது நீங்கதான்."

 

"அப்ப எது டிரம்பெட் சத்தம், எது கிளாரினெட் சத்தம்னுகூட எங்களுக்குத் தெரியாது," என்றான் இன்னாசிராஜ். "கத்துக்கிட்ட பிறகுதான் தெரிஞ்சுது, அது அசல் கிளாரினெட்டு. வெக்கமாப் போச்சுண்ணே. இவ்வளவு பெரிய ஆளு பக்கத்துல கன்னத்தை உப்பிக்கிட்டு நின்னோமேன்னு ராப்பகலா சாதகம் பண்ணோம். அந்த மூணு சுத்து இருக்கே, அதைப் பிடிக்கவே எனக்கு வருஷக்கணக்கா ஆச்சு. இன்னைக்கு ஸ்டுடியோல அதுக்குத்தான் என்னைத் தேடுறாங்க."

"அதனால இன்னைக்கு நாங்க ஊதப் போறதில்ல," என்றான் ரெங்கராஜ். "அன்னைக்கு மாதிரியே பக்கத்துல உப்பிக்கிட்டு நிக்கிறோம். நீங்க தனியா வாசிங்க. எங்க ஆசை அது."

இரண்டு பேரும் அவர் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

உண்மை ரசூலின் தொண்டைவரை வந்தது. பெருமை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிட்டது. நாட்டின் இரண்டு பெரிய வித்வான்களை உருவாக்கியவர் என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம் ஒரு கேள்வி முளைத்தது. அப்படியானால் அன்றைக்கு வாசித்தது யார்?

வெளியே கைதட்டல். பரக்கத் அலி எட்டிப் பார்த்து, "வாங்கண்ணே," என்றார். திரை இடுக்கில் நஜீமா தெரிந்தாள். அவளைச் சுற்றி மருங்காபுரி முழுக்க உட்கார்ந்திருந்தது. தம்பிகள் இருவரும் முன்னால் நடந்தார்கள். ரசூலின் கால் நகரவில்லை.

மீரான் வயரை விட்டுவிட்டு எழுந்து வந்து அவர் காதருகே குனிந்தார்.

"பயப்படாத தம்பி. பிளேட்டு கொண்டாந்திருக்கேன்."

"எந்த பிளேட்டு, மீரான் பாய்?"

"அன்னைக்குப் பந்தல்ல நான் கிராமபோன்ல போட்ட அதே கிளாரினெட்டு பிளேட்டுதான். அந்த மூணு சுத்து வர்ற இடத்துல ஒரு கீறல் இருக்கு, இன்னைக்கும் ஊசி அங்க மாட்டி மூணு தடவை சுத்தும், அது தாண்டுற வரைக்கும் கன்னத்தை இறக்கிடாத."

சொல்லிவிட்டு மைக் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.