மூன்றாவது வரிசை

“மாப்பிள்ளை, ரிசல்ட் வந்திருக்கு போல. கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன். கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்” என்றார் மாமனார்.

கண்ணாடி அவர் நெற்றிக்கு மேல்தான் இருந்தது. அதைச் சொல்லக்கூட மாப்பிள்ளைக்குப் பொறுமையில்லை. ஓடிப்போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார்.

திரையில் திறந்திருந்த பக்கத்தில் ஐந்து வரிசைகள். கட்டமைப்பு 84. அலங்காரம் 79. ஸ்கிரிப்ட் 38. படங்கள் 88. செய்முறை 86. தேற நாற்பது வேண்டும்.

மாப்பிள்ளை மூன்றாவது வரிசையை இன்னொரு தடவை படித்தார்.

மாமனார் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவர். நாற்பது டன் பெட்டியைத் தூக்குவார், குரலை மட்டும் உயர்த்தமாட்டார். ஓய்வு பெற்றபின் மகள் வீட்டோடு வந்துவிட்டார். நூலக மாடியில் ஓய்வு பெற்றவர்களுக்கு இணையப் பக்கம் செய்யக் கற்றுத்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தார். நான்கு பாடங்களை அங்கே படித்தார். ஸ்கிரிப்ட் பாடத்தை மட்டும் மாப்பிள்ளை பிடுங்கிக்கொண்டார். பட்டனை அழுத்தினால் படம் வருவதும் பட்டியல் மறைவதும் அவருக்குச் சோறு போடும் தொழில். நானிருக்க வெளியாள் எதற்கு என்று மார்தட்டினார்.

தினமும் மாலை ஆறு முதல் எட்டு வரை பாடம். அதில் பாதி நேரம் மாப்பிள்ளை ஆபீஸில் செய்த வீரதீரங்கள். மீதி நேரம் ஒரே உபதேசம். “மாமா, பக்கத்துல ஒண்ணைத் தேடணும்னா எத்தனாவதுன்னு எண்ணாதீங்க. பேரைச் சொல்லித் தேடுங்க. இடம் மாறும், பேர் மாறாது.” ஒருநாள், ஸ்கிரிப்டைப் பிரவுசரிலேயே குடியேற்றிவிட்டால் பக்கம் திறக்கும்போதெல்லாம் அது தானாக ஓடும் என்பதையும் செய்து காட்டினார். மாமனார் அன்றைக்குக் கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று மாப்பிள்ளை கோபித்துக்கொண்டார்.

இந்த வாத்தியார் வேலையில் ஒரு சுகம் உண்டு. பாடம் நடக்கும் மூன்று மாதமும் பாத்திரம் கழுவுவதிலிருந்து அவருக்கு விலக்கு. இன்று காலை மனைவி வேலைக்குக் கிளம்பும்போது கறாராகச் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

“அப்பா பாஸானா நீங்க வாத்தியார். ஃபெயிலானா சாயங்காலமே ஸ்க்ரப்பர் உங்க கைக்கு வந்துடும். இனிமே எந்நாளும் அது உங்களோடதுதான்.”

அடுக்களையில் குழிக்கரண்டி முதல் குக்கர் வரை மலையாகக் குவிந்திருந்தது. மாப்பிள்ளை அதைப் பார்க்காமல் இருக்கத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன மாப்பிள்ளை, போயிடுச்சா?” என்றார் மாமனார். குரலில் சோகம் கொஞ்சம் குறைவாக இருந்தது. “விடுங்க. இந்த வயசுல இதெல்லாம் மண்டையில ஏறாது. நாளையிலிருந்து பாடமே வேணாம். பாவம், ஆபீஸ்லயிருந்து களைச்சுப்போய் வர்றீங்க, ரெஸ்ட் எடுங்க.”

மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனசு!

“சும்மா விடுவேனா மாமா? அடுத்த மாசம் மறுதேர்வு இருக்கு. நாளையிலிருந்து காலையிலயும் ரெண்டு மணி நேரம் பாடம்!”

மாமனாரின் முகம் பேயறைந்ததுபோல ஆகிவிட்டது. பேப்பரை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

மணி ஐந்தரை. மனைவி ஆறு மணிக்கு வந்துவிடுவாள். மதிப்பெண்ணை இந்தத் திரையில்தான் பார்ப்பாள், ஒரு தடவைதான் பார்ப்பாள். இந்தத் திரையில் தெரிவதை மட்டும் மாற்றினால் போதும். ஊரை ஏமாற்றுவதாகாது, ஒரு மாதம் தவணை வாங்குவதாகத்தான் ஆகும் என்று மனசாட்சியின் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

பக்கத்தின் அடியில் கட்டளைப் பெட்டியைத் திறந்து ஒரே ஒரு வரி எழுதினார். 38 போய் 83 வந்தது. மாப்பிள்ளை கையைத் தட்டிக்கொள்வதற்குள் மறுபடியும் 38.

கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு தடவை மாற்றினார். ஒரு நொடி நின்றது. மறுபடியும் 38.

“யாருடா இந்தப் புண்ணியவான்? ஓசி வகுப்புக்கு இவ்வளவு காவலா?” என்று முணுமுணுத்தார். நூலகத்தில் யாரோ ஒரு சக தொழிலாளி, நொடிக்கு ஒரு தடவை மதிப்பெண்ணைச் சரிபார்க்கும் ஸ்கிரிப்டை வைத்திருக்கிறான். அவனை நினைத்தால் ஒருபக்கம் எரிச்சல், இன்னொருபக்கம் மரியாதை.

அரை நொடிக்கு ஒரு தடவை 83 என்று எழுதும்படி பதிலுக்கு இவரும் ஒன்றை ஓடவிட்டார். கெட்டுப்போன சிக்னல் விளக்கு மாதிரி 38, 83, 38, 83 என்று எண் துடித்தது. இதை மனைவியிடம் எந்தப் பக்கம் பார்க்கச் சொல்வது?

அதை நிறுத்தினார். எண்தானே வம்பு செய்கிறது, அந்த வரிசையையே தூக்கிவிடுவோம் என்று ஸ்கிரிப்ட் பாடத்தையே பக்கத்திலிருந்து நீக்கினார். கீழேயிருந்த படங்கள் பாடம் மேலே ஏறி அந்த இடத்தில் உட்கார்ந்தது. 88 என்றிருந்தது. ஒரு நொடி போனது. 38.

“அடப்பாவி! ஆளைப் பார்த்து அடிக்கலை, இடத்தைப் பார்த்து அடிக்கிறான்!”

வாயில்லாப் பூச்சியான படங்கள் பாடத்தில் மாமனாரைத் தோற்கடித்ததை நினைத்து மாப்பிள்ளைக்குப் பதறியது. அவசரத்தில், நீக்கிய ஸ்கிரிப்ட் வரிசையை 83 என்று திருத்தி எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுபோய் வைத்தார். அது அங்கே சமர்த்தாக நின்றது. ஆனால் மேலே ஒன்று வந்ததும் கீழே இருந்ததெல்லாம் ஒரு படி இறங்கியது. இரண்டாவதாக இருந்த அலங்காரம் மூன்றாவதானது. 79 போய் 38 ஆனது. படங்கள் பாடத்தில் விழுந்த 38-உம் அப்படியே நின்றது.

மாமனார் தோற்றது ஒரு பாடத்தில். மாப்பிள்ளை காப்பாற்றப் போய் இப்போது இரண்டில்.

நெற்றி வியர்வையைத் துடைத்தார். மூன்றாவது இடத்தில் காலி வரிசை ஒன்றைச் செருகி அதை மறைத்துவிட்டால் அந்தக் கிறுக்கன் இல்லாத வரிசையிலேயே எழுதிக்கொண்டிருப்பான், பக்கத்தைப் புதிதாகத் திறந்து அதைச் செய்துவிடலாம் என்று அருமையான யோசனை வந்தது. விரலை வைத்தார். வாசலில் சாவி திரும்பியது. பத்து நிமிடம் முன்னதாகவே மனைவி வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை எழுந்து திரையை முதுகால் மறைத்துக்கொண்டார்.

“நானே கழுவிடறேன்” என்றார், யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே.

“எதை?”

“எல்லாத்தையும். அப்பாவைத் திட்டாதே. தப்பு என் மேலதான். சரியா சொல்லிக்குடுக்கத் தெரியலை எனக்கு.”

பாத்திரம்கூடப் பெரிதாகத் தெரியவில்லை. மூன்று மாதம் எதிரில் உட்கார்ந்து தலையாட்டிய அந்த மனிதருக்கு ஒன்றும் கொடுக்க முடியவில்லையே என்ற வருத்தம் நிஜமாகவே வந்துவிட்டது.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“என்ன உளர்றீங்க? சீக்கிரமே கிளம்பி, வர்ற வழியில நூலகத்துக்குப் போனேன். டீச்சரம்மா சான்றிதழைக் கையிலயே குடுத்துட்டாங்க. அப்பாதான் வகுப்புல முதல். அதுவும் ஸ்கிரிப்ட்ல தொண்ணூத்தொண்ணு!”

தாளை நீட்டினாள். ஸ்கிரிப்ட் 91. முத்திரையோடு இருந்தது.

மாப்பிள்ளை தாளைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். இரண்டு 38-கள் அவரை வெறித்துப் பார்த்தன.

பால்கனியிலிருந்து வந்த மாமனார், நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் மாட்டிக்கொண்டார். திரைக்கு அருகே குனிந்து பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க மாப்பிள்ளை, பாடம் போதும்னு உங்ககிட்ட நேரா சொல்ல வாய் வரலை, அதான் நீங்க அன்னைக்குக் காட்டினபடியே பிரவுசர்ல நானே அந்த முப்பத்தெட்டை எழுதிவெச்சேன், ஆனா நீங்க தலைபாடா அடிச்சுக்கிட்டும் மூணாவது வரிசைன்னு எண்ணித் தொலைச்சிருக்கேன் பாருங்க, பேரைச் சொல்லித் தேடியிருக்கணும்!”