சூடம் காட்டும்வரை காத்திருந்த ஆத்தா

விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டதாலேயே விடுப்பு கிடைத்துவிட்டதாகக் கருதிக்கொண்டு தலைமையிடத்தை விட்டு வெளியேறக் கூடாது. அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்த விதி இது. தெரியாதவர்களுக்கு நான் தெரியவைத்திருக்கிறேன். கண்காணிப்பாளராக இருந்தபோது, தங்கை கல்யாணத்துக்குப் போன எழுத்தர் ஒருவரை இந்த விதியைச் சொல்லியே திரும்ப வரவழைத்தவன் நான். (தாலி கட்டும்போதே எழுந்து வந்தார் என்பது அலுவலகத்தில் கிளப்பிய வதந்தி. பந்தியில் பாதியில்தான் எழுந்து வந்தார்.)

ஓய்வு பெற்ற பிறகு என் தலைமையிடம் செஞ்சியில் உள்ள எங்கள் வீடு. அனுமதி வழங்கும் அதிகாரி என் மனைவி மரகதம். சித்திரை அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குத் தனியாக நடந்துபோக அனுமதி கோரி, முறைப்படி ஒரு விண்ணப்பம் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். இது ஒத்திகைதான், அடுத்தது திருவண்ணாமலை, அதற்கடுத்தது திருப்பதி என்று திட்டம். கடைசி வரியாக, ‘உரிய காலத்தில் பதில் வராவிடில் அனுமதி வழங்கப்பட்டதாகக் கருதப்படும்’ என்றும் சேர்த்தேன். மரகதம் தயிர் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்த்தாள். பதில் சொல்லவில்லை. அமாவாசையன்று காலை அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து வெளியேறினேன்.

ஏற்பாடுகளில் குறை சொல்ல முடியாது. ஆதார் நகல், மருத்துவச் சீட்டின் நகல், மாற்று வேட்டி, எல்லாம் பையில் இருந்தன. தனிமை என்றால் தனிமை என்று கைபேசியை வீட்டிலேயே வைத்துவிட்டேன். சர்க்கரை நோய்க்கான ஊசியைக் காலையிலேயே போட்டுக்கொண்டேன். அம்மனைப் பார்க்கும்வரை எதுவும் சாப்பிடுவதில்லை, வெறுங்காலோடு நடப்பது என்று இரண்டு வேண்டுதல்கள். (தடை செருப்புக்குத்தான், காலுறைக்கு இல்லை என்று எனக்கு நானே விளக்கம் வழங்கிக்கொண்டு, பழைய ஆபீஸ் காலுறையை மாட்டியிருந்தேன். சித்திரை வெயிலில் தார்ச்சாலையில் நடந்து பார்த்தவர்கள் என்னை மன்னிப்பார்கள்.)

ஊசி போட்டவன் சாப்பிடாமல் இருக்கக் கூடாது என்பதும் விதிதான். ஆனால் அது மருத்துவத் துறையின் விதி. நான் வேறு துறை.

செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலை முதுகுக்குப் பின்னால் சிறுத்துக்கொண்டே போனது. வழியெங்கும் அன்னதானப் பந்தல்கள். ‘வா சாமி, ஒரு வாய் சாப்ட்டுப் போ’ என்று கூப்பிட்டவர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நடந்தேன். வளத்தி கிராமத்தைத் தாண்டியபோது வியர்த்தது. வெயில் என்று நினைத்தேன். கை நடுங்கியது. வயது என்று நினைத்தேன். எதிரே வந்த புளியமரம் இரண்டாகத் தெரிந்தபோதுதான் விஷயம் புரிந்தது. சர்க்கரை இறங்குகிறது. பையைத் துழாவினேன். குளுக்கோஸ் டப்பா இல்லை. அதை ஃபிரிட்ஜ் தலையில் வைத்துவிட்டு வந்த காட்சி மட்டும் மிகத் தெளிவாகக் கண்முன் வந்தது.

மரத்தடியில் உட்காரப் போனவன் முழங்கால் மடங்கி விழுந்தேன். உடம்பு உதறியது. பின்னால் மஞ்சள் சேலை கட்டிய பெண்கள் கூட்டம் ஒன்று பம்பைக்காரரோடு வந்துகொண்டிருந்தது. நல்லவேளை, பிழைத்தேன் என்று நினைத்தேன்.

“ஏ, பெரியவருக்கு சாமி வந்துடுச்சுடி!” என்றது ஒரு குரல்.

சட்டென்று பம்பை முழங்கியது. யாரோ என் கண்ணாடியைக் கழற்றினார்கள். ஒரு குடம் மஞ்சள் தண்ணீர் தலையில் இறங்கியது. நெற்றியிலிருந்து தாடைவரை குங்குமம், கழுத்தில் வேப்பிலை, தலையில் மஞ்சள் துணி. கூட்டத்தோடு வந்த இரண்டு ஆட்கள் என் கைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டார்கள். கூட்டத்துக்குத் தலைவி போலிருந்த பெருத்த அம்மாள் குனிந்து கேட்டாள்: “யாரும்மா வந்திருக்கிறது? இன்னா வோணும், சொல்லு!”

ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர் வந்திருக்கிறார், அவருக்கு இரத்தத்தில் சர்க்கரை குறைந்துவிட்டது என்று சொல்ல நினைத்தேன். நாக்கு தடித்துப்போய் ஒரே ஒரு சொல்தான் வெளியே வந்தது. “பசிக்குது.”

“ஆத்தாவுக்குப் பசியாம்!”

ஒருத்தி அவசரமாகத் தூக்குவாளியைத் திறந்தாள். எலுமிச்சம்பழச் சாதம். வாசனை மூக்கில் ஏறியது.

“தாளிக்கும்போது உப்பு பாத்தியா?” என்றாள் தலைவி.

“பாத்தேனே.”

“எச்சிப் பண்டத்தைப் போயி ஆத்தாவுக்குக் குடுக்கிறியே, உனக்கு அறிவு இருக்குதா? எல்லாத்துக்கும் ஒரு மொறை இருக்குது.”

வாளி மூடப்பட்டது. பிறகு முறைப்படி இலை போடப்பட்டது. அதில் வாழைப்பழம் வைக்கப்பட்டது. கை எட்டும் தூரம்தான். ஆனால் கை என்னிடம் இல்லை. அது அந்த இரண்டு ஆட்கள் வசம் இருந்தது. சூடம் காட்டிவிட்டால் பழம் என் வாய்க்கு வந்துவிடும். தீக்குச்சியைக் கிழித்தார்கள். காற்றில் அணைந்தது. அடுத்ததும் அணைந்தது. மீதிக் குச்சிகள் என் மீது ஊற்றிய மஞ்சள் தண்ணீரில் நனைந்திருந்தன.

“கடைக்கு ஆள் போயிருக்குது. அதுவரைக்கும் பொறுத்துக்கம்மா,” என்றாள் தலைவி பயபக்தியோடு.

இந்த வாக்கியம் எனக்குப் பழக்கமானது. எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரே ஒரு கையெழுத்துதான் பாக்கி, அதுவரை வெளியே உட்காருங்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவர்களில் யாரும் இப்படிச் சாகக் கிடந்ததில்லை என்று நம்புகிறேன்.

கண் இருட்டிக்கொண்டு வந்தது. இதற்கிடையே குறி கேட்க வரிசை நின்றுவிட்டது. “எம் பொண்ணுக்கு இந்த வருசம் கல்யாணம் ஆவுமா தாயீ?” என்றது ஒரு குரல். என் தலை தானாக மார்பில் சரிந்தது. “ஆவுமாம்! தலையாட்டிடுச்சு!” என்று குலவை போட்டார்கள்.

கூட்டம் சாலையை அடைத்ததில் அமாவாசை ஸ்பெஷல் பஸ் ஒன்று நின்றது. “சாமி வந்திருக்குது, எறங்கிக் கும்பிட்டுக்குங்க,” என்று கண்டக்டர் பெருந்தன்மையோடு விசிலடித்தார். கோயில் மணியோசைபோல் தூரத்தில் கேட்ட பேச்சுகளுக்கு நடுவே, ஒரு குரல் மட்டும் மிக அருகில் கேட்டது.

“அம்மா, எங்க வீட்டுக்காரரு தனியா நடந்து வந்திருக்காரு. சொன்னா கேக்கிற ஆள் இல்ல. குளுக்கோசைக்கூட வெச்சிட்டு வந்துட்டாரு. எங்க வுழுந்து கெடக்கிறாரோ தெரியல. அவரை எனக்குக் காட்டிக் குடுத்துடும்மா.”

மனு கொடுத்தவர் என் அதிகாரி. அதற்கு விடை தெரிந்தவன் இந்த உலகத்தில் நான் ஒருவன்தான். மிச்சமிருந்த உயிரையெல்லாம் திரட்டிச் சொன்னேன்: “மரகதம்.”

“பேரைச் சொல்லுது பாருங்க!” என்று கூட்டம் சிலிர்த்தது. கூட்டத்தைவிட மரகதம் அதிகம் சிலிர்த்தாள். “தாயே!” என்று கதறி, தொப்பென்று என் காலில் விழுந்தாள்.

அவ்வளவுதான், இனி வழியில்லை என்று நினைத்தேன்.

காலில் விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. என் காலுறையின் கட்டைவிரல் ஓட்டையைக் கறுப்பு நூல் கிடைக்காமல் பச்சை நூலால் தைத்தவள் அவள். அந்தத் தையலை உற்றுப் பார்த்துவிட்டு மெல்ல நிமிர்ந்தாள்.

“உடுங்கய்யா கைய!”

“சூடம் இன்னும் காட்டலியேம்மா!” என்று தலைவி குறுக்கே வந்தாள்.

“சூடம் அப்புறம் காட்டலாம். இன்னும் செத்த நேரம் போனா பாலுதான் ஊத்தணும். ஆத்தாவுக்கு சுகர் இருக்கு!”

கைப்பையிலிருந்து குளுக்கோஸ் டப்பா வெளியே வந்தது. தண்ணீர் பாட்டிலில் கரைத்து, என் தாடையைத் தாங்கிப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினாள். பம்பை நின்றுவிட்டது. புளியமரம் மறுபடி ஒன்றானது. தீப்பெட்டியும் வந்து சேர்ந்தது.

“ஆத்தா மலையேறிடுச்சா?” என்று பம்பைக்காரர் தயக்கத்தோடு கேட்டார்.

“ஏறிடுச்சு. இது எங்க வீட்டு ஆளு,” என்றாள் மரகதம். அப்புறம்தான் அழுதாள். பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. மீதித் தூரத்தை அந்த பஸ்ஸிலேயே கடந்தேன். (பெண்கள் இருக்கை. சாமிக்குச் சலுகை.)

இன்றைக்கும் வீட்டில் சாப்பாடு கொஞ்சம் தாமதமானால், மருமகள் சமையலறையிலிருந்து, “ஆத்தாவுக்குப் பசி வந்துடப் போவுது, சூடத்தை ஏத்துங்க,” என்று குரல் கொடுப்பாள். மகன் வெளியூரிலிருந்து கூப்பிட்டால் முதல் கேள்வி, “ஆத்தா சாப்டுச்சா?” என்பதுதான்.

விண்ணப்பம் மட்டும் ஃபிரிட்ஜ் கதவிலேயே இருந்தது. நினைவூட்டல் அனுப்பும் தைரியம் எனக்கு வரவில்லை. கிழிக்கும் தைரியமும் இல்லை. தயிர் எடுக்கும்போதெல்லாம் அதைப் படிக்காமல் எடுக்கப் பழகிக்கொண்டேன். பிறகு ஒரு நாள் காலை, என் கடைசி வரி அடித்துத் திருத்தப்பட்டு, கீழே மரகதத்தின் கையெழுத்தில் பதில் இருந்தது: ‘தனியாப் போக அனுமதி இல்ல. நானும் வரேன். டப்பா எம் பையில இருக்கு. சாப்ட்டுட்டுக் கெளம்பலாம்.’

கிளம்பும் தேதியும் போட்டிருந்தாள்: ஆடி அமாவாசை.