மைக்கக்காவின் நாலாவது குழாய்

ஏற்காட்டு மூடுபனியோடு நேருக்கு நேர் சண்டை போட்டு ஜெயித்த ஒரே மனுஷி எங்கள் மைக்கக்காதான். மற்றவர்கள் எல்லாம் பனி வந்தால் சால்வையைப் போர்த்திக்கொண்டு டீக்கடைக்குள் ஒதுங்குகிற ஜாதி. என்னையும் சேர்த்துத்தான்.

அப்போது நான் ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற இடத்தில் ஒரு லாட்ஜுக்கு மேனேஜர். சேலத்திலிருந்து வந்தவன், வாயும் கொஞ்சம் அதிகம். அதனாலேயே சுதந்திர தினக் கமிட்டிக்கு என்னைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். மைக்செட் வைத்திருந்த ஒரே ஆள் அக்கா. பழைய ஜீப், ஒரு ஆம்ப்ளிபயர், நாலு குழாய் ஸ்பீக்கர். சொந்தப் பெயர் என்னவென்று ஊரில் யாருக்கும் தெரியாது. ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் உண்டு.

ஆகஸ்ட் பதினைந்து அன்று அங்கே கொடியை யாரும் பார்த்தது கிடையாது. கயிற்றை இழுக்கிறவருக்கே கொடி மேலே போனதா, பாதியில் நின்றதா என்று தெரியாது. அவ்வளவு பனி. பூ உதிரும், எங்கோ உதிரும். பிள்ளைகள் பாடுவது கேட்கும், பிள்ளைகளைக் காணோம். தூக்கத்தில் யாரோ பக்கத்து அறையில் பாடுகிற மாதிரி இருக்கும். "சுதந்திர தினம் காதுக்குத்தானுங்க சார், கண்ணுக்கு இல்லை" என்பது அக்காவின் சித்தாந்தம்.

காலை ஆறு மணிக்கே மைதானத்துக்கு வந்து, கையை நீட்டிப் பனியைத் தடவிப் பார்ப்பாள், ஜவுளிக்கடையில் துணியைப் பார்க்கிற மாதிரி. "இன்னிக்கு நொம்ப தடிமனுங்க. ரெண்டு பாயிண்டு ஏத்தோணும்" என்று சொல்லிவிட்டுத் திருகுவாள். அப்புறம் அவளுடைய 'ஹலோ' மலையெல்லாம் சுற்றிவிட்டு ஏரியில் முகம் கழுவிக்கொண்டு திரும்பி வரும். ஒரு வருஷம் சிறப்பு விருந்தினராக வந்த இளம் அதிகாரி மைக்கை விழுங்கிவிடுவது போல் பேசினார். அக்கா நேரே போய், "சித்த தள்ளி நின்னு பேசுங்க சாமி, உள்ளாற போயிராதீங்க" என்றாள். அதுவும் மைக்கிலேயே கேட்டது. மனிதர் மீதிப் பேச்சை மூன்றடி தள்ளி நின்று முடித்தார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். எனக்குப் பொறுக்காதது அந்த நாலாவது குழாய். ஒன்று கடைவீதிக்கு, ஒன்று பஸ் நிற்கும் இடத்துக்கு, ஒன்று சர்ச் பக்கம். நாலாவதை மட்டும் சில்வர் ஓக் மரத்து உச்சியில் கட்டி, பள்ளத்துக்கு அந்தப்புறம் இருக்கிற காப்பித் தோட்டத்தைப் பார்த்துத் திருப்பி வைப்பாள். அங்கே ஈ காக்கை கிடையாது. குரங்குக்குச் சுதந்திரம் வேண்டாமா என்று கடைவீதியே கேலி செய்யும்.

இன்னொரு கூத்தும் உண்டு. தேசிய கீதம் முடிந்ததும் அக்கா வலது கையை உயர்த்துவாள். அந்தக் கை இறங்கும்வரை ஒருத்தரும் கைதட்டக்கூடாது, இருமக்கூடாது. அரை நிமிஷம் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒரு வருஷம் வந்த விருந்தினர், இது தியாகிகளுக்கு இந்த ஊர் செலுத்தும் மௌன அஞ்சலி என்று மேடையிலேயே தழுதழுத்துவிட்டார். மறுவருஷமே அழைப்பிதழில் 'மௌன அஞ்சலி' என்று அச்சடித்துவிட்டேன். செயலாளர் அல்லவா!

உண்மை எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தத் தோட்டத்தில், கூலியாட்களுக்குக் கட்டிய லைன் வீட்டில், அக்காவின் தங்கை இருந்தாள். காலையில் ஆட்களைக் கூப்பிடத் தொங்கவிட்டிருக்கும் தண்டவாளத் துண்டை அடிப்பது அவள் வேலை. அவள் கல்யாணத்தில் தாலி கட்டுகிற நேரத்தில் அக்காவின் மைக்செட் படுத்துவிட்டது. மாப்பிள்ளையைப் பிடிக்காமல் வேண்டுமென்றே அணைத்துவிட்டாய் என்று தங்கை சொன்னாள். பதினோரு வருஷம் பேச்சில்லை. ஆனால் ஒவ்வொரு ஆகஸ்ட் பதினைந்தும் பாட்டு முடிந்ததும் பனிக்கு அந்தப்புறமிருந்து டங், டங், டங் என்று மூன்று அடி, கொசு முனகுகிற அளவுக்குக் கேட்கும். அக்காவின் கை இறங்கும். இருக்கிறாள், கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவ்வளவுதான் கணக்கு.

இது தெரியாத மகாபுத்திசாலி, அதாவது நான், அந்த வருஷம் ஆகஸ்ட் பதினாலு சாயங்காலம், அக்கா கட்டிவிட்டுப் போனதும், மரத்தில் ஆளை ஏற்றி நாலாவது குழாயை ஏரிப் பக்கம் திருப்பிவிட்டேன். படகில் போகிற டூரிஸ்டாவது கேட்கட்டுமே என்று. காலையில் பனி. மர உச்சி தெரியவில்லை. அக்காவுக்கும் தெரியவில்லை.

பாட்டு முடிந்தது. கை உயர்ந்தது. ஊர் அமைதியானது.

அரை நிமிஷம் போயிற்று. ஒரு நிமிஷம். கை இறங்கவில்லை. விருந்தினருக்கு மூக்கு ஒழுக ஆரம்பித்தது, துடைக்கத் தைரியமில்லை. லட்டுத் தட்டை ஏந்திக்கொண்டிருந்தவர் அதை மெல்ல இடுப்புக்கு மாற்றிக்கொண்டார். பிள்ளைகள் ஒற்றைக் காலுக்கு மாறின. நான் பக்கத்தில் போய் மெதுவாக, போதுமே அக்கா என்றேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. கண் நிறைந்திருந்தது. தூக்கிய கை மட்டும் அப்படியே இருந்தது. பனி எங்களுக்கு நடுவே புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய அமைதியை என் ஆயுளில் நான் கேட்டதில்லை.

பனிக்குள் செருப்புச் சத்தம் கேட்டது. தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு ஒரு பெண் மூச்சு வாங்க ஓடி வந்தாள். நேரே மைக்குக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏனக்கா, காலையிலிருந்து உன்ற சத்தமே காணோமே. உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு..."

அக்காவின் கை இறங்கி அவள் தலைமேல் போய் நின்றது. "சத்தம் வராட்டித்தான் வருவியா கண்ணு நீ? இது தெரிஞ்சிருந்தா மொத வருசமே பீஸைப் புடுங்கி வெச்சிருப்பனே. பதினோரு வருசம் கத்திக் கத்தித் தொண்டை போச்சே எனக்கு."

மைக் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. கடைவீதி, பஸ், சர்ச், என் புண்ணியத்தில் ஏரி, எல்லாம் கேட்டது. கை இறங்கியதைப் பார்த்து ஊர் தட்டியது பாருங்கள் ஒரு தட்டு, விருந்தினர் தன் பேச்சுக்குத்தான் என்று நினைத்து முன்னால் வந்து கும்பிட்டார்.

குழாயைத் திருப்பியது நான்தான் என்று அன்று மதியமே ஒப்புக்கொண்டேன். அக்கா ஒரு லட்டை என் கையில் வைத்தாள். "நல்லதுதானுங்க சார் பண்ணியிருக்கீங்க. ஆனா இனிமே என்ற கொழாய்ல கை வெச்சீங்கன்னா, கையை ஒடிச்சுப்போடுவனுங்க" என்றாள், மரியாதை குறையாமல்.

இப்போது நான் மலையடிவாரத்துச் சேலத்தில், மூன்றாவது மாடியில். அக்காவும் தங்கையும் சேர்ந்துதான் குழாய் கட்டுகிறார்களாம். பதில் சொல்ல அந்தப்புறம் ஆளில்லாவிட்டாலும் மௌன அஞ்சலி மட்டும் நிற்கவில்லை, அழைப்பிதழில் அச்சாகிவிட்டதே. ஆகஸ்ட் பதினைந்து காலையில் டிவியில் பாட்டு முடிந்ததும் என் கை தானாக உயர்கிறது. குக்கர் விசில் அடித்தாலும் இறக்குவதில்லை. வீட்டில் என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

அக்கா, ஒரே ஒரு வருஷம் அந்த நாலாவது குழாயை அடிவாரத்துப் பக்கம் திருப்பி வையுங்களேன்.