ஷர்மினின் நாற்பது பாரங்கள்

கம்பம்,
14.9.2006

அன்பு மகள் ஷர்மினுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் உன் அம்மாவும் நலம். மதுரை ஹாஸ்டல் சாப்பாட்டையும் மீறி நீ நலமாயிருக்க துஆச் செய்கிறோம். நிற்க.

ஞாயிற்றுக்கிழமை உன் புரொபசர் நேரில் வந்து வாங்கிப் போவார் என்று நீ கொடுத்த நாற்பது கேள்விப் பாரத்தில் நம் வீட்டுக்கு ஒன்று போக மீதியை, என் ஜீப்பில் கேரளா மலையிலுள்ள ஏலத்தோட்டத்துக்கு வரும் பெண்களிடம் கொடுத்து எழுதி வாங்கினேன். வாங்கியதைப் படித்துப் பார்த்தேன். தமிழும் மலையாளமும் பேசிக்கொண்டு மலையேறிப் பிழைக்கிறவர்களைப் பற்றித்தானே மூணு வருசமாக ஆராய்ச்சி செய்கிறாய்? உன் பாரத்தின்படி கம்பத்தில் அப்படி ஒருத்தர்கூட இல்லை.

வீடு தேடிப் பாரம் வந்தால் அது ரேசன் கார்டுக்குத்தான் என்று நம் ஜனம் நினைக்கும் என்பதை நீ மறந்துவிட்டாய். முதல் நாள், கேரளா கார்டு கிடைக்கப்போகிறது என்று எல்லாரும் வீட்டில் மலையாளம் மட்டும்தான் பேசுவதாக எழுதிவிட்டார்கள். மறுநாள் ஜீப்பில் வருகிற சங்கிலியம்மாளின் புருசன் ஒச்சாண்டி டீக்கடையில் உட்கார்ந்து, "சொந்த ஊரு, வேலை செய்யிற ஊரு ரெண்டையும் கேக்குறாக. ரெண்டு பக்கமும் கார்டு வச்சிருக்கவுகளப் பிடிக்கத்தான்" என்று கொளுத்திப் போட்டான். அவ்வளவுதான், அத்தனை பேரும் ஓடிவந்து அடித்து எழுதினார்கள். மலையாளம் ஒரு வார்த்தை தெரியாதாம், மலைப்பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லையாம். "அப்ப தினம் ஜீப்புல எங்க போறே?" என்று சங்கிலியம்மாளைக் கேட்டேன். "காத்து வாங்கண்ணே" என்கிறாள்.

எழுதியது பொய்யாகிவிடக் கூடாதென்று செவ்வாய்க்கிழமை தோட்டத்திலும் யாரும் மலையாளம் பேசவில்லை. கூலியும் விலையும் நியாயமாகக் கொடுக்கிற தோட்டம் என்று ஏலக்காய்ப் பொட்டலத்தில் முத்திரை போடுகிறார்களே, அந்தக் கம்பெனி வெள்ளைக்காரம்மா அன்றைக்கென்று பார்த்து வந்திருக்கிறது. நல்ல தண்ணீர் தருகிறார்களா, கையுறை உண்டா என்று கூட வந்தவர் மலையாளத்தில் கேட்க, மேஸ்திரியைத் தினமும் அதே மலையாளத்தில் வெளுத்து வாங்கும் சங்கிலியம்மாள் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். தொழிலாளிகள் பயத்தில் வாயடைத்துக் கிடக்கிறார்கள் என்று அந்தம்மா எழுதிக்கொண்டு போய்விட்டது. மேஸ்திரி என் சட்டையைப் பிடிக்காத குறை.

திரும்பும்போது ஜீப்பை ஓரங்கட்டிச் சத்தம் போட்டேன். "ஒரு கார்டுக்காக எம்மக படிப்பக் கெடுப்பீகளா?" என்றேன். சங்கிலியம்மாள், "பட்டம் இந்த வருசம் போனா அடுத்த வருசம் வாங்கிக்கிரும். கார்டு போனா வருமாண்ணே?" என்றாள்.

ஆனாலும் நான் விடவில்லை. புதிதாக ஜெராக்ஸ் எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து கெஞ்சி, முப்பத்தொன்பது பாரத்தில் உண்மையை எழுதி வாங்கிவிட்டேன். நாற்பதாவது நம் வீட்டுடையது. அதை எல்லார் முன்னாலும் நானே எழுதிக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். கவலைப்படாதே. உன் உடம்புக்கும் படிப்புக்கும் அல்லாஹ் குறை வைக்காமல் பார்த்துக்கொள்வான்.

இப்படிக்கு,
அத்தா அபுபக்கர்

பி.கு.: எழுதிக் காட்டினேன். வீட்டில் எத்தனை பேர் என்ற இடத்தில் கை நின்றுவிட்டது. உன் பெயர் இங்கேயும் இருக்கிறது, கேரளாவில் கட்டப்பனைச் சின்னம்மா கார்டிலும் இருக்கிறது. இரண்டு பேர், பிள்ளை இல்லை என்று எழுதிவிட்டேன். அதைப் பார்த்து முப்பத்தொன்பது பேரும் அவரவர் பாரத்தைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை புரொபசரோடு நீயும் வந்தால், தயவுசெய்து என்னை அத்தா என்று கூப்பிடாதே.