பதினோராம் மாடியில் வைத்த கைநாட்டு

சிரிக்காமல் கேளுங்கள். ஐம்பத்திரண்டு வயதில் நான் ஒரு சொல்லுக்கு அர்த்தம் தேடி அலைந்தேன். 'கங்பாக்'. கோர்ட்டுச் சொல். அது கிடைத்தால் எனக்குச் சனிக்கிழமை கிடைக்கும்.

எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் ஓர் உறுதிமொழி தொங்கியது. 'மேங் தொக்பே ஆகிய நான், இந்தச் சனிக்கிழமை மீன் பிடிக்கப் போகாமல், மாமியார் வீட்டில் கிம்ச்சி ஊறுகாய்க்குக் கோஸை உப்பில் ஊறவைப்பேன்.' கீழே சிவப்பு மையில் என் கைநாட்டு. போன வருஷம் இடுப்பு வலி என்று படுத்துவிட்டு ஏரிக்குப் போனேன். ஒரு முழ மீனோடு நான் நிற்கும் போட்டோ என் மாமியாருக்கே போய்ச் சேர்ந்தது. அதற்கான தண்டனை இது.

குப்பை பிரிக்கிற இடத்தில் பத்தாம் மாடி பியோ அண்ணனைப் பிடித்தேன். முப்பது வருஷம் கோர்ட்டு வாசலில் மனு எழுதியவர்.

"அண்ணே, பயமுறுத்தி வாங்கின கைநாட்டு செல்லுமா? பொதுவா கேக்கறேன்."

"பொதுவா உங்க வீட்டம்மா என்ன செஞ்சாங்க?"

"என் தூண்டில் கம்பை பால்கனிக்கு வெளியே நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, 'எழுதறீங்களா, விடவா?'ன்னா."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. "அடேயப்பா! அசல் கங்பாக்! அடிச்சாத்தான்னு இல்ல தம்பி. தப்பான வழியில பயத்தைக் கிளப்பி, அந்தப் பயத்துல சம்மதிக்க வெச்சாப் போதும். ரத்து பண்ணலாம்."

"கெஞ்சிக் கேட்டா?"

"அது கங்பாக் இல்ல."

"அழுதா?"

"ம்ஹும்."

"பேசாம முறைச்சா?"

"எப்படி முறைப்பாங்க?"

முறைத்துக் காட்டினேன். அவர் ஓரடி பின்னால் போனார். "அது ஆராய வேண்டிய விஷயம். ஆனா ஒண்ணு, ரத்துன்னு நீங்களே அவங்க கிட்ட சொல்லணும்."

"நானேவா? ஐயையோ! நீங்களும் சாட்சிக்கு வாங்கண்ணே."

நாங்கள் இருவரும் மேலே போனபோது, என் மனைவி மல்சுன் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கங்பாக் பற்றி மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன். அவள் நிதானமாகக் கையைத் துடைத்தாள்.

"அப்போ பயந்துதான் எழுதினீங்களா, போராம் அப்பா?" பிள்ளை பேரை வைத்துத்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"பின்னே?"

"பாவம்!" என்று உறுதிமொழியை எடுத்து நாலாகக் கிழித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"அம்மாகிட்ட சொல்லிடறேன். மாப்பிள்ளைக்கு மனசே இல்லையாம்னு."

"யாரு சொன்னா இல்லைன்னு?" பியோ அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கிறாரே! "அன்பாக் கேட்டா முந்நூறு கோஸ் ஊறவைப்பேன்!"

"வேணாங்க. அப்புறம் நான் மிரட்டினேன்னு கோர்ட்டுக்குப் போவீங்க."

"நீ எங்க மிரட்டின? நானாத்தானே சொல்றேன்!"

"வாயால சொல்றதை யார் நம்புறது?"

பேனாவைப் பிடுங்கி, முந்நூறு கோஸ் என்றே எழுதினேன். 'யாருடைய வற்புறுத்தலும் இன்றி, என் முழு மனதோடு' என்ற வரியை அண்ணனே எடுத்துக் கொடுத்தார். சாட்சிக் கையெழுத்தும் போட்டார். படித்துப் பார்த்து, "இதை எந்தக் கொம்பனாலயும் ரத்து பண்ண முடியாது" என்றார். வேலையில் அவ்வளவு சுத்தம்.

சனிக்கிழமை, கோசானில் மாமியார் வீடு. விடிந்ததிலிருந்து உப்பும் கையுமாக நின்றேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு முந்நூறாவது கோஸை அமுக்கியபோது என் இடுப்பு நிஜமாகவே போய்விட்டது.

மாமியார் கண் கலங்க, வெந்த பன்றிக்கறியைக் கோஸ் இலையில் சுற்றி என் வாயில் ஊட்டினார்.

"இந்த வருஷம் நாப்பதோட நிறுத்தி, பத்து மணிக்கெல்லாம் உங்களை மீன் பிடிக்க அனுப்பிடலாம்னு இருந்தோம், மாப்பிள்ளை. நீங்களா ஆசைப்பட்டு எழுதிக் குடுத்தீங்கன்னதும்தான், மீதியை அக்கம்பக்கத்துல கேட்டு வாங்கினோம்."