தணிகாசலத்துக்குப் புகழ் மண்டபத்தில் இடம் உண்டா?

ஒரு காட்டில் ராஜா கிடையாது. தேர்வுக் குழு இருந்தது. ராஜாவாவது பசித்தால்தான் ஆளைப் பிடிக்கும். தேர்வுக் குழுவுக்கு அந்த மாதிரி நேரம் காலம் எதுவும் கிடையாது.

அந்தக் காட்டில் தணிகாசலம் என்றொரு தேவாங்கு வாழ்ந்தது. உருண்டைக் கண், குச்சிக் கை. காட்டின் கிரிக்கெட் அணிக்குச் சுழற்பந்து வீசுவது அதன் வேலை. பந்து வீச மற்றவர்கள் ஓடி வருவார்கள், தணிகாசலம் நடந்து வரும். அது கையைச் சுற்றி முடிப்பதற்குள் நடுவர் ஆமைக்கே கொட்டாவி வந்துவிடும். பந்து கையை விட்டுக் கிளம்பியதுமே எதிரணிக்காரர் மட்டையைச் சுழற்றிவிடுவார். சுழற்றிவிட்டு, பந்து எந்தப் பக்கம் பறந்தது என்று எல்லைக்கோட்டில் தேடுவார். பந்து அப்போதுதான் தரையில் விழுந்து, கொஞ்சம் யோசித்து, திரும்பி, ஸ்டம்பின் மேல் பைய வந்து சாயும்.

பந்தின் வேகத்தை அளக்க ஒருமுறை நகரத்திலிருந்து கருவி வரவழைத்தார்கள். தணிகாசலம் வீசியபோது கருவி, 'அசைவு ஏதும் இல்லை' என்று காட்டியது. குழு கருவியைப் பழுது பார்க்க அனுப்பவில்லை. தணிகாசலத்தைத்தான் வைத்தியரிடம் அனுப்பியது.

இருந்தாலும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கரைக் காடு ஒவ்வொரு வருஷமும் வந்து தணிகாசலத்திடம் தோற்றுப் போனது. அது சாதாரணத் தோல்வி இல்லை. தோற்ற காடு அந்தக் கோடை முழுக்க மலையடி ஊற்றை ஜெயித்த காட்டுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

காட்டின் நடுவில் ஒரு குகை. அதற்குப் புகழ் மண்டபம் என்று பெயர். மரங்கொத்தி பலகையில் கொத்திய ஆட்டக்காரர்களின் படங்கள் உள்ளே வரிசையாகத் தொங்கும். படம் மாட்டப்பட்டவரின் குடும்பத்துக்கு ஊற்று வரிசையில் முதல் இடம். தணிகாசலத்துக்கு ஆசை அந்த வரிசையின் மேல் இல்லை. பலகையில் தன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்கவேண்டும், அவ்வளவுதான். வரிசையின் மேல் ஆசை அதன் மனைவி கோமளவல்லிக்குத்தான் இருந்தது.

அந்த வருஷம் தணிகாசலத்தின் பெயர் குழுவுக்கு வந்தது. தலைவர் மார்த்தாண்டம் ஒரு காட்டெருமை. குளம்பில் மட்டை நிற்காததால் வாழ்நாளில் ஒரு பந்துகூட ஆடியதில்லை. அதனாலேயே நடுநிலையானவர் என்று தலைவராக்கியிருந்தார்கள். செயலாளர் நல்லசிவம் என்ற நரி. தணிகாசலம் குகை வாசலில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டது.

"விக்கெட் நிறைய எடுத்திருக்காரே," என்று ஆரம்பித்தது அணித்தலைவர் கதிரேசன், ஒரு கீரி.

"எடுத்திருக்கான். ஆனா எடுத்த மாதிரித் தெரியலையே!" என்றது மார்த்தாண்டம். "ஒரு உறுமல் உண்டா? விக்கெட் விழுந்தா ஒரு குதி உண்டா? கண்ணைக்கூட இமைக்க மாட்டேங்கிறான்."

"அவங்களா அவுட் ஆகிறாங்க தலைவரே," என்று எடுத்துக்கொடுத்தது நல்லசிவம். "இவன் அந்த நேரத்துல பக்கத்துல நிக்கிறான். அவ்வளவுதான்."

அன்று தேர்வானது இடும்பன் என்ற சிறுத்தை. இடும்பன் ஆடியது ஒரே ஒரு ஆட்டம், வீசியது மூன்றே பந்து. முதல் பந்தில் ஸ்டம்பு உடைந்தது. இரண்டாவதில் நடுவர் ஆமையின் ஓடு பெயர்ந்தது. மூன்றாவதில் இடும்பனின் தோள்பட்டையே கழன்றுவிட்டது. அன்றிலிருந்து படுக்கைதான்.

"தோள் மட்டும் நல்லா இருந்திருந்தா என்னென்ன பண்ணியிருப்பான்னு நினைச்சுப் பாருங்கய்யா!" என்றது மார்த்தாண்டம். எல்லோரும் நினைத்துப் பார்த்தார்கள். இரண்டு பேருக்குக் கண் கலங்கியது. ஆமைக்கும் கண் கலங்கியது, ஆனால் அது ஓட்டு வலியாக இருக்கலாம்.

கூட்டம் கலைந்ததும் தணிகாசலம் தலைவரை வழிமறித்தது. மார்த்தாண்டம் அங்கேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்ததால்தான் அது முடிந்தது.

"ஐயா, இடும்பன் ஆடவே இல்லீங்களே?"

"அதான்யா விசேஷம். ஆடாத ஆட்டத்துல ஒரு தப்பு கண்டுபிடி பார்ப்போம்!"

"அப்போ நானு?"

"நீ இன்னும் ஆடிக்கிட்டு இருக்கியே. நாளைக்கே மோசமாப் போட்டுத் தொலைச்சேன்னா மாட்டின படத்தைக் கழட்டணும். யாருக்கு அசிங்கம்? எங்களுக்குத்தானே?"

தணிகாசலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து விஷயத்தைச் சொன்னது. கோமளவல்லி தண்ணீர் எடுக்கப் போனது. வரிசையில் முதல் ஆளாக இடும்பனின் மனைவி நின்றது. கோமளவல்லிக்குப் பின்னால் யாருமே இல்லை.

சில வாரம் கழித்து, ஒரு பகல் நேரத்தில், தணிகாசலம் கிளையைக் கட்டிப்பிடித்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அதை ஒரு காக்கை பார்த்தது. அசைவில்லை. கூப்பிட்டது, பதில் இல்லை. காக்கை மேற்கொண்டு விசாரிக்கிற ஜாதி இல்லை. நேராகப் போய், "தணிகாசலம் காலமாயிட்டார்!" என்று காடு முழுக்கக் கத்திவிட்டது.

தணிகாசலம் கண் விழித்தபோது மண்டபத்தில் இரங்கல் கூட்டம் ஆரம்பமாகியிருந்தது. 'நான் சாகவில்லை' என்று சொல்லத்தான் கிளம்பியது. அதன் வேகத்துக்குப் போய்ச் சேரும்போது கடைசிப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஒரு புதருக்குப் பின்னால் நின்று மூச்சு வாங்கியது.

"அவன் பந்து போடுறதில்லைய்யா, தியானம் பண்ணுவான்!" என்று மார்த்தாண்டம் கதறிக்கொண்டிருந்தது. "இமைக்காம ஒரு பார்வை பார்ப்பானே, அதுக்கு முன்னாடி உறுமல் எல்லாம் எம்மாத்திரம்? இந்த மண்டபத்துல அவனுக்கு இடம் இல்லேன்னா வேற எவனுக்குய்யா இடம்?"

கைதட்டலோடு தீர்மானம் நிறைவேறியது. புதருக்குப் பின்னால் தணிகாசலமும் தன்னை மறந்து தட்டியது. அந்தச் சத்தத்தில் நல்லசிவம் திரும்பிப் பார்த்தது. பார்த்ததும் வாலைச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்தது.

"யோவ்! நீ செத்துட்டேய்யா!"

"இல்லீங்களே."

"தீர்மானம் ஆயிடுச்சு. இப்ப நீ உயிரோட வந்து நின்னா குழுவையே அவமானப்படுத்தின மாதிரி. உனக்குப் படம் வேணுமா, மூச்சு வேணுமா?"

"மூச்சு விட்டுக்கிட்டே படத்தை வெச்சுக்க முடியாதுங்களா?"

நரி யோசித்தது. "முடியும். வேற பேர்ல மூச்சு விடு."

அப்படித்தான் தணிகாசலம், துக்கம் விசாரிக்க மலைப்பக்கத்திலிருந்து வந்த ஒன்றுவிட்ட தம்பி ஏகாம்பரம் ஆனது. யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இத்தனை வருஷத்தில் யாரும் அதன் முகத்தை நின்று பார்த்திருந்தால்தானே? கோமளவல்லி நெற்றிப் பொட்டை அழித்துக்கொண்டு ஊற்று வரிசையின் முன்னால் போய் நின்றது. "நீங்க இருந்தப்போ எனக்கு இந்த மரியாதை இல்லீங்க," என்று வீட்டுக்கு வந்து சந்தோஷமாகச் சொன்னது.

தணிகாசலம் தினமும் மண்டபத்துக்குப் போய்த் தன் படத்தைப் பார்த்தது. மரங்கொத்தி தாராளமாகப் புஜங்களைக் கொத்தியிருந்தது. முதல் சில நாள் நெஞ்சு நிறைந்தது. அப்புறம் கை ஊறத் தொடங்கியது. ஆள் இல்லாத இடத்தில் விளாங்காயை எடுத்து விரலில் சுழற்றிப் பார்க்கும். யாராவது வந்தால் தின்பது போல் கடிக்கும். பல் கூசும்.

கோடை தொடங்கும் முன் அக்கரைக் காடு ஆட வந்தது. தணிகாசலம் செத்த சேதி அவர்களுக்கும் போயிருந்தது. பூதப்பன் என்ற கரடி தைரியமாக மட்டையோடு இறங்கி, போட்ட பந்தையெல்லாம் ஆற்றுக்கு அனுப்பியது. வீச ஆளில்லை. கதிரேசன் கூட்டத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டது. "யாருக்காவது பந்து போடத் தெரியுமாங்க? தண்ணி போயிடுங்க!"

தணிகாசலத்தின் கால் தானாக ஒரு அடி நகர்ந்தது. கோமளவல்லி அதன் கையைப் பிடித்தது. "போகாதீங்க. கண்டுபிடிச்சாங்கன்னா படத்தை எறக்கிடுவாங்க. முதல் இடமும் போயிடும்."

"ஊத்தே போயிட்டா வரிசையில முதல்ல நின்னு என்ன பண்ணுவே, கோமளம்?"

தணிகாசலம் மைதானத்துக்குள் நடந்து போனது. அது நடந்து முடியும் வரை ஆட்டம் நின்றிருந்தது. பந்தை வாங்கி, கையைச் சுற்றி, விட்டது. பூதப்பன் மட்டையை வீசியது. வீசிவிட்டு ஆற்றுப் பக்கம் பார்த்துச் சிரித்தது. அது சிரித்து முடித்தபோது ஸ்டம்பின் மேலிருந்த பெயில்ஸ் காலடியில் கிடந்தது. அடுத்து வந்தவர்களும் அதே மாதிரி ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். வெயில் சாய்வதற்குள் ஆட்டம் முடிந்தது. ஊற்று பிழைத்தது.

கதிரேசன் ஓடி வந்து கட்டிக்கொண்டது. "தலைவரே, ஏகாம்பரத்துக்கும் மண்டபத்துல ஒரு இடம் குடுக்கணும்!"

நல்லசிவம் அவசரமாக ஆகாயத்தைப் பார்த்தது.

மார்த்தாண்டம் தேவாங்கை மேலும் கீழும் பார்த்துவிட்டு அனுதாபத்தோடு தலையாட்டியது. "தம்பி, குறை சொல்லக் கூடாது, பரவாயில்லாமத்தான் போடுறே. ஆனா எங்க தணிகாசலத்துக்கு ஈடாகுமா? அவன் கைவாக்கே வேற. உன்னுது வெறும் காப்பி. அவன் மட்டும் இருந்திருந்தா இந்த ஆட்டத்தை மத்தியானமே முடிச்சிருப்பான்."

"மத்தியானமேவா?" என்று கேட்டது தணிகாசலம்.

"நீ அவன் ஆடிப் பார்த்ததில்லையே, பாவம்."

தணிகாசலம் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. கிளையில் ஏறி உட்கார்ந்ததும் கோமளவல்லி கேட்டது: "கண்டுபிடிச்சுட்டாங்களா?"

"இல்ல. அண்ணன் அளவுக்கு இல்லையாம்."

"கிடக்குறாங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

தணிகாசலம் தன் குச்சிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"இல்ல கோமளம். நியாயமாச் சொன்னா எனக்கும் அப்படித்தான் படுது. கடைசி விக்கெட்டுக்குப் போட்ட பந்து சரியாத் திரும்பல. அவர் போட்டிருந்தா திரும்பியிருக்கும்."

நீதி: புகழுக்காகச் சாவதில் தப்பில்லை. செத்த பிறகு திறமையைக் காட்டி, சம்பாதித்த பெயரைக் கெடுத்துக்கொள்வதுதான் தப்பு.